ஏழு மலைக் கதைக்கு ஒரு திருத்தம்

1

இந்தக் கதை ஒரு விடியற்காலையில் என் மனத்தில் உதித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். மற்ற எழுத்தாளர்களுக்கெல்லாம் அப்படித்தான் உதிக்கிறதாம். எனக்கு உதிக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு அம்மாள் என்னைத் திட்டினார். அந்தத் திட்டிலிருந்து பிறந்தது இது.

"இன்னா சாரே, ஏழு மல சாரே! கத்திரிக்காய்ல சொத்த கீதான்னு இவ்ளோ நேரம் பாக்கறீங்களே, அன்னிக்கி கத எழுதும்போது பாத்தீங்களா?"

திரும்பினேன். எல்லம்மாள். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் இருக்கும் பால்வாடியின் ஆயா. குழந்தைகளுக்குக் கஞ்சி காய்ச்சுவது, மூக்கு துடைப்பது, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே அடுப்பு ஊதுவது, இதெல்லாம் அவர் வேலை. ஐந்து வருடம் கழித்துப் பார்க்கிறேன். ஆள் மாறவில்லை. குரலும் குறையவில்லை.

"உங்க கதையால ஒரு பொண்ணோட வேல போச்சி. ஞாபகம் கீதா?"

இருந்தது. எழுதியது நான்தான் என்று இவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்க வாய் வரவில்லை. கத்தரிக்காய்க்காரர் தராசை அந்தரத்தில் பிடித்தபடி என்னையே பார்த்தார். கதை எழுதுகிறவனுக்கு வேலை கிடைக்காது என்பது ஊரறிந்த விஷயம். அடுத்தவர் வேலையும் போகும் என்பது அவருக்குப் புதிதாக இருந்திருக்க வேண்டும். கால் கிலோ வாங்க வந்தவன் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

2

முதல் வாக்கியம் எழுதுவதில் மூன்று நாள் போய்விட்டது. போட்ட வாக்கியங்களைக் கிழிக்க மனம் வரவில்லை. பார்த்துவிட்டுப் போங்கள்.

(அ) 'ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு டீச்சர் இருந்தார்.'

[இது வேண்டாம். அந்த டீச்சரே ஒரு கதையையும் இப்படித் தொடங்கியதில்லை. 'ஒரு ஊரிலே' என்று வாயெடுத்தால் போதும், "எந்த ஊருல? பஸ்ஸு போவுமா?" என்று கேட்கிற இருபத்திரண்டு பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள்.]

(ஆ) 'அண்ணாமலையின் உச்சியில் மேகம் தவழ்ந்தபோது, ஆதிலட்சுமியின் விழியோரத்தில் ஒரு துளி நீர்'

[நிறுத்திவிட்டேன். ஆதிலட்சுமி அழவே இல்லை. மேகமும் அன்று இல்லை. சுள்ளென்று வெயில்.]

(இ) '1983ஆம் ஆண்டு, வேலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஓர் அறக்கட்டளை, தான் நடத்திவந்த பால்வாடிகளில் மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு மாயக் கதைகளின் வழியே எண், நிறம், வடிவம் ஆகியவற்றைக் கற்பிக்கும் பொருட்டு, ஒவ்வொரு கதையின் இறுதியிலும் ஒரு செயல்பாடு கொண்டதாக'

மூச்சு வாங்குகிறது. ஆனால் விஷயம் இதில்தான் இருக்கிறது. இதையே துண்டு துண்டாகச் சொல்கிறேன்.

3

அந்த அறக்கட்டளை ஒரு சிறு புத்தகம் போட்டது. ராஜா, ராணி, ராட்சசன், பேசும் மரம் என்று பதினோரு கதைகள். ஒவ்வொன்றின் கீழும் 'செயல்' என்று தலைப்பிட்டு, ஆசிரியை என்ன செய்ய வேண்டும் என்று நான்கு வரி. ராணியின் முத்துமாலை அறுந்துபோகிறதா, குழந்தைகள் புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும். தூங்குமூஞ்சி ராஜா கொட்டாவி விடுகிறாரா, குழந்தைகள் கண்ணை மூடி ஐந்து நிமிடம் அமைதி பழக வேண்டும்.*

* இந்தச் செயல் எல்லாப் பால்வாடிகளிலும் பெருவெற்றி. பல இடங்களில் ஆசிரியைகளும் ஒரு மணி நேரம் அமைதி பழகினார்கள். புளியங்கொட்டைச் செயல்தான் சிக்கல். பத்தில் ஒன்று எப்போதும் யாராவது ஒரு பிள்ளையின் மூக்குக்குள் போய்விடும். எல்லம்மாள் ஹேர்பின்னால் எடுப்பார்.

புத்தகம் அச்சானது திருவூடல் தெருவில் நான் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்த அச்சகத்தில். எழுத்துக் கோத்து முடித்த பிறகு பார்த்தால் முப்பது பக்கம்தான் வந்திருந்தது. முப்பத்திரண்டு வந்தால்தான் மடிப்பு சரியாக நிற்கும். கடைசி இரண்டு பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. முதலாளி சக்கரவர்த்தி என் மேஜைக்கு வந்தார்.

"நீங்கதான் கதையெல்லாம் எழுதறீங்களே. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பக்கத்துக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க. ராட்சசன் கீட்சசன் போடுங்க. ஆனா பசங்க பயந்துக்கக் கூடாது."

எழுதினேன். ஒரு ராட்சசன் நிலாவைத் திருடிக்கொண்டுபோய் ஏழு மலைகளுக்கு அப்பால் ஒளித்து வைத்துவிடுகிறான். ஒரு ராஜகுமாரன் ஏழு மலைகளைத் தாண்டிப் போய் ராட்சசனைக் கொன்று நிலாவை மீட்கிறான். கீழே, மற்றவற்றைப் போலவே: 'செயல்: ஆசிரியர் ஏழு மணல் குவியல்கள் அமைக்கவும். குழந்தைகள் ராஜகுமாரனைப் போல் ஒவ்வொரு மலையாகத் தாண்டி, ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவர்.'

என் மேஜைக்கு எதிரே ஜன்னல். ஜன்னல் முழுக்க மலை. கற்பனை வரவேண்டும் என்று அந்த மலையையே மூன்று நான்கு முறை பார்த்துக்கொண்டுதான் 'ஏழு மலைகள்' என்று எழுதினேன். உறைக்கவில்லை.

என் பெயரைப் போடவில்லை. போடலாமா என்று சக்கரவர்த்தியைக் கேட்டேன். இடம் இல்லை என்றார். அதற்கு முன்னும் பின்னும் என் கதை எதுவும் ஆயிரம் பிரதி அச்சானதில்லை.

4

இப்போது ஆதிலட்சுமி. இவரை எழுதுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நான் அவரை இரண்டே தடவைதான் பார்த்தேன். கண்ணாடி போட்டிருந்தாரா என்றுகூட உறுதியில்லை. [முதல் வரைவில் கண்ணாடி போட்டேன். இரண்டாவதில் கழற்றிவிட்டேன்.] பால்வாடியில் நடந்ததெல்லாம் எல்லம்மாள் அந்த வருடமே சொன்னது. இடைவெளிகளை நான் அடைத்திருக்கிறேன்.

உறுதியாகத் தெரிந்தது இது. சொந்த ஊர் கீழ்பென்னாத்தூர். நிலம் உண்டு, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடுகிற குடும்பம். தினமும் காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவார். வேலை தற்காலிகம். ஐப்பசியில் வேலூரிலிருந்து மேற்பார்வையாளர் வந்து, புத்தகத்தில் உள்ள செயல்களில் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்த்து, திருப்தி என்றால் நிரந்தர ஆர்டர். அண்ணன் தருமன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "தையிக்குள்ள ஆர்டர் வந்தா போ. வரலைனா பஸ்ஸுக்கு அலஞ்சது போதும், வூட்ல இரு." ஆதிலட்சுமிக்கு வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை. அந்த இருபத்திரண்டு குழந்தைகளோடு இருக்கத்தான் பிடித்திருந்தது. இந்தக் கதையில் இதைத் தவிர பெரிய விஷயம் எதுவும் இல்லை.

மேற்பார்வையாளர் எந்தச் செயலைக் கேட்பார் என்று முன்கூட்டியே கடிதம் வந்தது. பன்னிரண்டாவது. என்னுடையது.

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து மணல் கேட்டு வாங்கி, முற்றத்தில் ஏழு குவியல் போட்டுவிட்டு, ஆதிலட்சுமி கதையைத் தொடங்கினார்.

"ராட்சசன் நெலாவத் தூக்கினு போயி, ஏழு மலைக்கு அந்தாண்ட ஒளிச்சி வெச்சிட்டான்."

"எந்த மல டீச்சர்?" என்றாள் தனம். நான்கு வயது. அம்மா கோயில் வாசலில் பூ விற்கிறார்.

"ஏழு மலம்மா."

"மல ஒண்ணுதான கீது?"

"இது வேற ஊரு மல."

"வேற ஊருல ஏது மல?" என்று தனம் சிரித்தாள். எல்லாக் குழந்தைகளும் சிரித்தார்கள். ராட்சசனைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. நிலாவைத் திருடியதையும் நம்பினார்கள். ஏழு மலை என்பதுதான் அவர்களுக்குக் கட்டுக்கதையாகப் பட்டது.*

* ஊரைச் சுற்றி வேறு குன்றுகள் இருக்கின்றன என்று யாரும் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம். பவழக்குன்று எனக்கும் தெரியும். நான்கு வயதில் குன்று மலையாகாது.

சரி, தாண்டச் சொல்லலாம் என்று வரிசையில் நிறுத்தினார். முதலில் நின்றவன் மௌலி. குருக்கள் வீட்டுப் பிள்ளை. மணல் குவியலைப் பார்த்தான். டீச்சரைப் பார்த்தான். கை கூப்பினான்.

"மலைய தாண்டக் கூடாது டீச்சர். சாமி. சுத்தணும்."

அவ்வளவுதான். மௌலி முன்னால் நடக்க, இருபத்தொரு பேரும் கை கூப்பிக்கொண்டு முதல் குவியலை வலமாகச் சுற்றினார்கள். சுற்றி முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

"ரெண்டாவது மலை?" என்றார் ஆதிலட்சுமி.

"அதான் சுத்திட்டமே" என்றான் மௌலி.

"அப்போ நெலா?"

"அது மலைக்குப் பின்னாடிதான இருக்கும்? சுத்தினா தெரிஞ்சிடும்."

ராஜகுமாரன் ஏன் ஏழு மலை தாண்டினான், பேசாமல் சுற்றிப் போயிருக்கலாமே என்பது அவர்கள் கட்சி. யோசித்துப் பார்த்தால் எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது.

மிச்சம் ஆறு குவியல் கிடந்தது. தனம் எழுந்து அவற்றை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சி, ஆறு." பிறகு முகம் சுளித்தாள். "டீச்சர், லிங்கம் ரெண்டு கம்மி."

மலையைச் சுற்றி எட்டு லிங்கம். அம்மா எட்டுக்கும் பூ போடும்போது கூடவே நடந்து பழகியவள். ஓடிப்போய் இரண்டு செங்கல் துண்டு எடுத்துவந்து வைத்தாள். நடுவில் மலை, சுற்றி எட்டு. இருபத்திரண்டு பிள்ளைகளும் ஒன்று முதல் எட்டு வரை பிசகாமல் எண்ணினார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் 'ஆறோட ரெண்டு எட்டு' என்று தாங்களாகவே கண்டுபிடித்தது அன்றைக்குத்தான். ஆனால் புத்தகத்தில் ஏழு. தாண்ட வேண்டும் என்றும் இருந்தது.

நான்கு நாள் முயன்றார். பொரி உருண்டை தருகிறேன் என்று சொன்னதற்கு பலராமன் என்ற ஒருவன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு குவியலைத் தாண்டினான். அன்று சாயங்காலம் அவனுக்குக் காய்ச்சல். மறுநாள் அவன் அம்மா வந்து, "புள்ளைய மலைய தாண்ட வெச்சீங்களாமே" என்று வாசலில் நின்று கேட்டார். அத்தோடு தாண்டுவது முடிந்தது. சுற்றுவது வளர்ந்தது. ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர், பிள்ளைகள் சுற்றுவதை எட்டிப் பார்த்து, ஏதோ விசேஷம் என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு அவரும் மூன்று சுற்று சுற்றிவிட்டுப் போனார்.

5

இந்தப் பகுதியை நான் விட்டுவிடலாம் என்றிருந்தேன். கதைக்கு அவசியமில்லை என்று எனக்கு நானே இரண்டு பக்கம் வாதாடி எழுதினேன். அவசியம்தான்.

மேற்பார்வையாளர் வர மூன்று நாள் இருக்கும்போது ஆதிலட்சுமி அச்சகத்துக்கு வந்தார். முன்னறையில் சக்கரவர்த்தியிடம் ஏதோ பேசிவிட்டு, உள்ளே என் மேஜைக்கு வந்து, புத்தகத்தைக் கடைசிப் பக்கத்தில் திறந்து வைத்தார்.

"சார், இந்தக் கதைய எழுதினது யாருங்க?"

எழுதுகிறவன் வாழ்நாளெல்லாம் காத்திருக்கும் கேள்வி இது. பாதி எழுந்தே விட்டேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். பாராட்டு எதுவும் தென்படவில்லை. உட்கார்ந்தேன்.

"ஏங்க?"

"ஏழு மலைனு தப்பா போட்டிருக்காங்க."

"தப்பில்லீங்க. கதைல மலைன்னா ஏழுதான். அது மரபு."

"இருக்கலாம் சார். பசங்களுக்கு மரபு தெரியல. மலைதான் தெரியுது." பிறகு நடந்ததை எல்லாம் சொன்னார். மௌலி, தனம், காய்ச்சல், வெள்ளைக்காரர். "நீங்க ஒரு சீட்டு அடிச்சிக் குடுத்தா போதும். இந்த எடத்துல இப்பிடி மாத்திப் படிக்கவும்னு. ஒட்டிக்கறேன். புத்தகத்துல இருக்கறபடி செய்யலைனா ஆர்டர் வராது சார்."

என் கதைக்குப் பிழை திருத்தம். அதுவும் எழுத்துப் பிழை அல்ல, கதையே பிழை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"எழுதினவரக் கேக்காம எப்பிடிங்க மாத்தறது?"

"அதான் கேக்கறேன், யாருன்னு."

"வேலூர்ல ஒருத்தர். பெரிய ஆளு." போதாது என்று தோன்றியது. "புரொபசர்."

"அவருகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லக் கூடாதுங்களா?"

"அவரு ஒத்துக்கமாட்டாரு" என்றேன். அன்று நான் சொன்னதில் இது ஒன்றுதான் உண்மை.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். புத்தகத்தைப் பைக்குள் வைத்தார். "சரிங்க சார். அவரப் பாத்தா சொல்லுங்க, கதை பசங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்குதுன்னு. தெனமும் கேக்குதுங்க. மலைய மட்டுந்தான் ஒத்துக்கல."

[இங்கே அவர் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. எடுத்துவிட்டேன். கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.]

தினமும் கேட்கிறார்களாம். என் கதையை ஒருவர் இரண்டாவது தடவை கேட்டதாக அதுவரை எனக்குத் தகவல் இல்லை. மூன்று நாள் அந்த வார்த்தை உறுத்திக்கொண்டே இருந்தது. மேற்பார்வையாளர் வரும் நாள் காலையில், சக்கரவர்த்தி வருவதற்கு முன், நானே எழுத்துக் கோத்து, ஒரே ஒரு திருத்தச் சீட்டு அடித்தேன். மை காயுமுன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு செங்கம் ரோட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.

6

மேற்பார்வையாளர் பெயர் அகிலாண்டேஸ்வரி. இவரை ராட்சசியாக எழுத நான் மிகவும் முயன்றேன். 'கண்கள் தணலாக ஜொலிக்க, அவர் காலடி பட்டதும்' என்று ஒரு வரி போட்டேன். தொடர முடியவில்லை. காரணம், அவர் வேலூர் பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே வந்து, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, முதல் வேலையாகத் தன் கைக்குட்டையால் ஒரு பிள்ளைக்கு மூக்கு துடைத்தவர். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு நான் என்ன ராட்சசியை எழுதுவது?

ஆதிலட்சுமி காலையிலேயே ஏழு குவியலையும் புத்தகத்தில் உள்ளபடி வரிசையாகப் போட்டிருந்தார். நாற்காலி எடுக்க உள்ளே போய் வருவதற்குள் பிள்ளைகள் அதைத் திருத்திவிட்டார்கள். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, செங்கல் இரண்டு. அகிலாண்டேஸ்வரி குடையை மடக்கிக்கொண்டே முற்றத்தில் நடந்து வந்தவர், நடுக் குவியலின் மேல் காலை வைத்துவிட்டார்.

"ஐயோ, சாமி!" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அவர் பாம்பு என்று நினைத்துத் துள்ளினார். துள்ளியதில் மலையைத் தாண்டியும் விட்டார். மௌலி அவர் முன்னால் ஓடி வந்தான். "கன்னத்துல போட்டுக்குங்க மேடம்! சுத்துங்க! காய்ச்சல் வரும்!"

நான் சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தபோது நான் பார்த்த காட்சி: மௌலி முன்னால், அவன் பின்னால் மேற்பார்வையாளர், வெறுங்காலோடு, கை கூப்பியபடி. அவர் பின்னால் பிள்ளைகள். கடைசியில் ஆதிலட்சுமி, முகம் வெளுத்துப்போய். அடுப்பாண்டையிலிருந்து எல்லம்மாள் என்னைப் பார்த்து, "வந்ததுதான் வந்தீங்க, செருப்ப கழட்டிட்டு நீங்களும் சுத்துங்க" என்றார். சுற்றினேன்.

எட்டாவது லிங்கம் தாண்டியதும் எல்லம்மாள் கஞ்சிப் பானையின் அலுமினிய மூடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார்.

"நெலா வந்துடுச்சி!" என்று தனம் குதித்தாள்.

"ராட்சசன் இன்னா ஆனான்?" என்று கேட்டார் அகிலாண்டேஸ்வரி.

"அவன் இன்னும் சுத்தி முடிக்கல மேடம்" என்றாள் தனம். "கால் பெருசு. மெதுவா வர்றான். வந்ததும் கஞ்சி குடுப்போம்."

நான் எழுதியதில் ராஜகுமாரன் அவனை ஒரே வெட்டாக வெட்டிப்போடுகிறான். என் முடிவைவிட இது நல்ல முடிவு என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பொறாமைப்பட்டேன்.

அகிலாண்டேஸ்வரி சிரித்தார். பிறகு உட்கார்ந்து படிவத்தை எடுத்தார். சிரிப்பு போய்விட்டது.

"பசங்க நல்லாத்தான் பண்ணுதுங்க. எட்டு வரைக்கும் எண்ணுது. ஆனா இதுல இருக்கற கேள்வி வேறயாச்சேம்மா. 'ஏழு மலைகளையும் தாண்டி ஏழு வரை எண்ணினார்களா? ஆம், இல்லை.' புத்தகம் தப்புன்னு நான் எழுதணும்னா, எழுதினவங்க ஒத்துக்கணும். இல்லைனா டீச்சர் தப்புன்னுதான் ஆவும்." சுற்றிப் பார்த்தார். "இத எழுதினது யாருன்னு இங்க யாருக்காவது தெரியுமா?"

என் கை சட்டைப்பைக்குள் இருந்தது. சீட்டு விரலில் தட்டுப்பட்டது.

"சார் யாரு?" என்றார் அகிலாண்டேஸ்வரி.

"பிரஸ்ஸுலேர்ந்து. சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சீட்டைக் கொடுத்தால் யார் அடித்தது என்று கேட்பார். சொன்னால், புரொபசர் என்று பொய் சொன்னது ஆதிலட்சுமிக்குத் தெரிந்துபோகும். அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்குமா என்று ஐந்து வருடமாகத் தேடுகிறேன்.

ஆதிலட்சுமி என் பக்கம் பார்க்காமல் சொன்னார். "எழுதினவரு பெரிய ஆளுங்களாம் மேடம். புரொபசராம். கதை நல்லாத்தான் எழுதியிருக்காரு."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. நம்பிவிட்டார் என்று நினைத்தேன்.

மேற்பார்வையாளர் இன்னும் கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு 'இல்லை'யில் ஒரு டிக் போட்டார். ஓரத்தில் பொடி எழுத்தில் 'எட்டு வரை எண்ணுகிறார்கள்' என்றும் எழுதினார். வேலூரில் டிக்கைத்தான் பார்த்தார்கள். தை பிறந்தது. ஆர்டர் வரவில்லை.

7

மாற்று முடிவுகள் மூன்று வைத்திருக்கிறேன்.

(அ) நான் சீட்டை எடுத்து நீட்டுகிறேன். "எழுதினது நான்தாங்க. தப்பு என்னோடது." அகிலாண்டேஸ்வரி 'ஆம்' என்று டிக் போடுகிறார். ஆதிலட்சுமி சிரிக்கிறார். [இந்த முடிவில் என் தலைமுடிகூட கொட்டாமல் இருக்கிறது. குறை என்னவென்றால், நடக்கவில்லை.]

(ஆ) அந்த ஓரக் குறிப்பை ஓர் உயர் அதிகாரி பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, வியந்து, [உயர் அதிகாரிகளை நேரில் பார்த்திருப்பவர்கள் இதற்கு மேல் படிக்கமாட்டார்கள்.]

(இ) ஆதிலட்சுமி இப்போது கீழ்பென்னாத்தூரில் தன் வீட்டுக் களத்தில், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, மல்லாட்டைக் குவியலைக் காட்டிக் கதை சொல்லிக் கணக்குப் பழக்குகிறார். ஒரு விதத்தில் வேலை போனதும் நல்லதுக்குத்தான். [இது நான் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுப்பதற்காக எழுதியது. அவர் கதை சொல்கிறாரா, கதை என்றாலே வெறுத்துவிட்டாரா, எனக்குத் தெரியாது.]

8

எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல், நேற்று முழுக் கதையையும் எடுத்துக்கொண்டு பால்வாடிக்குப் போனேன். எல்லம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"நான் எப்போ அவ்ளோ கத்தினேன்?" என்று கத்தினார். ஹேர்பின் வந்த இடத்தில் மட்டும் "ஆமா, அது நெசந்தான்" என்றார். ஆறாவது பகுதியில் கை நின்றுவிட்டது. முடிந்ததும் முறத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"'நம்பிட்டாருன்னு நெனச்சேன்'னு எழுதிக்கீறீங்களே. டீச்சரம்மாக்கு நீங்கதான்னு மொதல்லயே தெரியும் சாரே."

"எப்போ?"

"உங்களாண்ட வர்றதுக்கு முன்னாடியே. முன்னால ஒக்காந்திருந்தாரே உங்க மொதலாளி, அவரே சொல்லிட்டாராம். 'தோ, உள்ள கீறாரே, அவருதாம்மா எழுதினாரு, போய்க் கேளு'ன்னு. அன்னிக்கே வந்து எங்கிட்ட சொல்லுச்சி."

"தெரிஞ்சும் ஏன் யாருன்னு கேட்டாங்க?"

"நீங்களா சொல்லுவீங்கன்னுதான்."

"சரி, மேடம் கேட்டாங்களே. அப்போ சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன், கடசி நாளு பஸ் ஏத்தி வுடும்போது. 'அவரு வாயால சொல்லணும் ஆயா. இத்தினி பேரு முன்னாடி நான் சொன்னா அந்த மனுசனுக்கு அசிங்கமாப் பூடும்'னுச்சி." முறத்தைத் தட்டினார். "போயி ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன். கீழ்பென்னாத்தூரு இன்னா காசியா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. இதற்கு நல்ல வார்த்தை ஒன்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். வேண்டாம், வெட்கம்தான்.

9

ஆகவே என் மூன்று முடிவுகளையும் அடித்துவிட்டேன். முடிவு உங்களிடம் விடப்படுகிறது. இந்த மாதிரிக் கதைகளில் வழக்கமாக அப்படித்தான் விடுவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். நான் அந்த அர்த்தத்தில் விடவில்லை. நிஜமாகவே உங்கள் கையில் கொடுக்கிறேன். கீழே ஒரு சீட்டு அடித்திருக்கிறேன். கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது கீழ்பென்னாத்தூர் பக்கம் போனால், மல்லாட்டை போடுகிற தருமன் வீடு எது என்று விசாரித்து, அவர் தங்கையிடம் கொடுத்துவிடுங்கள்.

நானே போகலாமே என்பீர்கள். இன்று காலை போனேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டேன். நடத்துனர் "எங்க சார்?" என்றார். இறங்கிவிட்டேன்.

அவர் சீட்டைப் படித்தாரா, கிழித்துப் போட்டாரா, உங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாரா, இதெல்லாம் இனி உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு எழுதிப் போட வேண்டாம்.

இல்லை, எழுதிப் போடுங்கள்.

- - - - - - - - - - - - - - - - - - - -

பிழை திருத்தம்

பக்கம் 31, ஒன்பதாவது வரியில் 'ஏழு மலைகளைத் தாண்டி' என்பதை 'மலையைச் சுற்றி' என்று திருத்தி வாசிக்கவும். பிழை குழந்தைகளுடையது அல்ல. ஆசிரியை ஆதிலட்சுமியுடையதும் அல்ல.

எழுதியவன்:
மு. இருசப்பன்
மெய்ப்புத் திருத்துபவர்
திருவூடல் தெரு, திருவண்ணாமலை

- - - - - - - - - - - - - - - - - - - -